எழுபது வளைவுகள்

பைக் ஓட்டுவதில் எது சுகம் என்று கேட்டால் பலரும் வேகத்தைச் சொல்வார்கள். எனக்கு வளைவுதான். அதற்குக் கொல்லிமலையை விஞ்சிய இடம் நான் பார்த்ததில்லை. நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் அந்தச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்.

காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் போதும். பைக்கில் வண்டியோடு உடம்பும் சாய வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியருக்கு இறங்கி, பார்வையை முன்சக்கரத்தில் வைக்காமல் வளைவு முடியும் இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். கண் போகிற பக்கம்தான் வண்டியும் போகும். இடுப்பு லேசாகச் சரிய, ஆக்ஸிலேட்டரை மெல்ல முறுக்க, சாய்ந்திருந்த வண்டி நிமிர்ந்து எழும். அந்த நிமிரும் கணம் இருக்கிறதே, அதற்காகவே அடுத்த வளைவு எப்போது வரும் என்று மனசு தேடும்.

ஹெல்மெட் கண்ணாடியைக் கொஞ்சம் உயர்த்தினால் அடிவாரத்து வெக்கை விலகிக் கழுத்தோரம் குளிர் ஏறுவது தெரியும். மேலே மிளகுக்கொடி, காப்பிச்செடி. பருவத்தில் போனால் பலாப்பழ மணம். கண்ணாடி ஏற்றிய காருக்குள் இது எதுவும் வராது.

இறங்குவது தனிக் கலை. பிரேக்கை மட்டுமே நம்பினால் அது சூடேறிப் பிடிப்பு குறையும். ஏறிய அதே கியரில், இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்க, நிதானமாக இறங்க வேண்டும். எதிரே பஸ் ஏறி வந்தால் ஓரமாக நின்றுவிடுங்கள்; திரும்புவதற்கு அதற்குச் சாலை முழுவதும் தேவை.