செங்கேணி ஏறாத ஜீப்

'ஜெய் பீம்' (2021) படத்தில் போலீஸ் ஜீப்பில் ஏற மறுத்து, செங்கேணி மகளோடு நடந்தே வீடு திரும்புவாள். ஜீப் கெஞ்சியபடி பின்னால் வரும். எல்லோரும் கொண்டாடிய காட்சி. ஆனால் அந்த மறுப்பு செல்லுபடியானது, மேலிடத்து உத்தரவு வந்த பிறகுதான். அதற்கு முன், கணவனைத் தேடிக் குடிசைக்கு வந்தவர்கள் கர்ப்பிணியான அவளையே இழுத்துப்போனார்களே, அங்கே?

சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணை அவள் வசிக்குமிடத்தை விட்டு வரச்சொல்லக் கூடாது என்ற சட்டம், கதைக்கு மூலமான 1993 வழக்கின் போதே இருந்தது. படத்தில் சட்டம் பேசுவதோ வக்கீல் மட்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 179ஆம் பிரிவு, அவள் விரும்பினால் நிலையத்துக்கு வரலாம் என்றும் சேர்த்திருக்கிறது. வாசலில் காக்கி நிற்கையில் விருப்பத்தை அளப்பது யார்?

வேங்கிக்கால் மாணவி ஒருத்தி கேட்டாள்: "வரலைன்னா, ஒத்துழைக்கலைன்னு எழுதிடுவாங்களே மேடம்?"