ஜூரர் பட்டியலும் மொழித் தேர்வும்

2006 நவம்பர் 10 அன்று யாழ்ப்பாண மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்தாண்டு கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தபோது, எதிரிகளான கடற்படையினர் சிங்களம் பேசும் ஜூரர் சபை கேட்டார்கள். ரவிராஜ் குடும்பத்தின் சட்டத்தரணி ஆட்சேபித்தும் மேல் நீதிமன்றம் அதற்கு இணங்கியது. 2016 டிசம்பர் 24 அன்று அந்தச் சபை எதிரிகள் அனைவரையும் விடுவித்தது.

எதிரிகள் கேட்டது சட்டம் தந்த சலுகையைத்தான். இலங்கையின் 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று ஜூரர் பட்டியல் மூன்று. எது வேண்டும் என்று எதிரியே சொல்லலாம். நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிடாதவரை அதிலிருந்தே ஏழு பேர் தெரிவாவார்கள்.

இந்த ஏற்பாட்டில் நியாயம் உண்டு. சாட்சி எங்கே தயங்கினார், எந்தச் சொல்லை மென்று விழுங்கினார் என்பதெல்லாம் மொழிபெயர்ப்பில் முழுதாக வந்து சேராது. தன் விடுதலை ஏழு பேர் கையில் இருக்கும்போது, தன் பேச்சு அவர்களுக்கு நேரடியாக விளங்க வேண்டும் என்று ஒருவர் கேட்பது தவறில்லை. கொழும்பில் கூண்டில் நிற்கும் தமிழருக்கும் இதே சட்டம்தான் காப்பு.

ஆனால் பள்ளிக்கூடங்களே சிங்கள மொழிமூலம், தமிழ் மொழிமூலம் என்று பிரிந்திருக்கும் நாட்டில், மொழிப் பட்டியல் பெரும்பாலும் இனப் பட்டியலாகிவிடுகிறது. தேர்வு எதிரிக்கு மட்டுமே உரியது. கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு அதில் பங்கில்லை. 1996இல் திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் 20க்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கு அனுராதபுரத்தில் சிங்கள ஜூரர்கள் முன் நடந்தது. 2016 ஜூலையில் இராணுவத்தினர் ஆறு பேரும் விடுதலையானார்கள். ஜூரர்கள் மனச்சாட்சிப்படியே தீர்ப்பளித்திருக்கலாம். ஆனாலும் தமிழில் சாட்சி சொன்னவர்களின் பேச்சு மொழிபெயர்ப்பாளர் வழியாகவே அவர்களை எட்டும். எதிரிக்குக் கூடாது என்று சட்டம் விலக்கும் அதே குறையை, சாட்சி மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் வேறு வழியில் போனது. ஆங்கிலமோ ஸ்பானிய மொழியோ தெரியாததைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் ஜூரர் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது அதன் அரசியலமைப்பு. தேவைப்படும் ஜூரருக்கு மொழிபெயர்ப்பாளர் துணை இருப்பார். செலவும் தாமதமும் கூடும்; ஆனால் மொழியைக் காட்டி ஒரு சமூகத்தையே ஜூரர் இருக்கையிலிருந்து ஒதுக்க முடியாது.

இலங்கைச் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. வேறுவிதமாக உத்தரவிடும் அதிகாரம் நீதிபதியிடம் இருக்கிறது. எதிரியின் மொழியும் சாட்சிகளின் மொழியும் வேறுபடும் வழக்குகளில் இரு மொழியும் அறிந்தவர்களை ஜூரர்களாக்க அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும். அத்தகையவர்களுக்கென நான்காவது பட்டியல் ஒன்றை நாடாளுமன்றம் உருவாக்க வேண்டும்.