குடிநோய்க்கு மாத்திரை: எவ்வளவு நம்பலாம்?

குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுத்தே குடியை நிறுத்திவிடலாம் என்று சொல்லும் விளம்பரங்கள் நம் ஊர்ச் சுவர்களுக்குப் புதிதல்ல. அவற்றை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் மனைவியரும் தாய்மாரும். அவர்களுடைய தவிப்பு நியாயமானது. ஆனால் குடிநோய்க்கு நிரூபணமான மருந்துகள் இருக்கும்போது, அவற்றைப் பற்றி அவர்களிடம் பேச ஆளில்லை.

இவற்றில் பழையது டைசல்ஃபிராம். 1948-இல் டென்மார்க்கின் ஹால்ட், யாகோப்சன் இருவரும் இதைக் குடிநோய்க்கான மருந்தாக அறிமுகப்படுத்தினர். மது உடலில் அசிட்டால்டிஹைடாக மாறும். அதை மேலும் சிதைக்கும் நொதியை இந்த மருந்து தடுத்துவிடுகிறது. அதனால், குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். குடிக்கும் ஆசையை இது நேராகக் குறைப்பதில்லை. ‘குடித்தால் இப்படி ஆகும்’ என்ற அச்சமே மருந்தாக வேலை செய்கிறது.

இதற்கான சான்றுகள் முதல் பார்வைக்கு முரணாகத் தெரியும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 605 பேரிடம் நடந்து 1986-இல் வெளியான ஆய்வில், முழுமையாகக் குடியை விட்டவர்களின் விகிதத்தை டைசல்ஃபிராம் உயர்த்தவில்லை. மும்பையில் 100 ஆண்களிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்விலோ, ஓராண்டு முடிவில் டைசல்ஃபிராம் எடுத்தவர்களில் 86 சதவீதமும் நால்ட்ரெக்சோன் என்ற இன்னொரு மருந்தை எடுத்தவர்களில் 44 சதவீதமும் குடிக்காமல் இருந்தனர். அமெரிக்க ஆய்வில் மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். மும்பையில் மாத்திரை தவறாமல் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தினர் உடனிருந்தார்கள். வித்தியாசத்துக்கு இதையே முதன்மைக் காரணமாக நான் கருதுகிறேன். மும்பை ஆய்வு சிறியது, யாருக்கு எந்த மருந்து என்பது மறைக்கப்படவும் இல்லை. எனவே அந்த 86-ஐ அப்படியே எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாது.

ஆனாலும் சுவர் விளம்பரத்துக்கு இதிலேயே பதில் இருக்கிறது. தனக்கு மருந்து தரப்படுவதே தெரியாதவருக்கு அச்சம் எங்கிருந்து வரும்? அவர் வழக்கம்போலக் குடிப்பார், எங்கோ விழுவார். இதயநோய் உள்ளவரென்றால் உயிருக்கே ஆபத்து. திருட்டுத்தனமாகக் கொடுப்பது நோயாளியின் உரிமையைப் பறிப்பதோடு மருந்தின் பலனையும் கெடுத்துவிடுகிறது.

நால்ட்ரெக்சோன், அகாம்புரோசேட் இரண்டும் வேறு வகை. முன்னது குடி தரும் இன்பத்தை மங்கச் செய்கிறது. பின்னது குடியை விட்டவர் அதே நிலையில் நீடிக்க உதவுகிறது. 118 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வந்த மதிப்பீட்டின்படி, 11 பேருக்கு நால்ட்ரெக்சோன் கொடுத்தால் ஒருவர் கூடுதலாக மிதமிஞ்சிய குடிக்குத் திரும்பாமல் தப்புகிறார். அகாம்புரோசேட் 11 பேருக்குக் கொடுத்தால் ஒருவர் கூடுதலாக மறுபடி குடியைத் தொடாமலே இருக்கிறார். இது அற்புதமல்ல. அமெரிக்காவில் 1,383 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில் அகாம்புரோசேட் பலன் காட்டவும் இல்லை. ஆனால் இந்த ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் மருந்து பெறாதவர்களுக்கும் ஆலோசனை தரப்பட்டது. அதற்கு மேல் கிடைத்த பலன்தான் இந்தக் கணக்கு. நாள்பட்ட ஒரு நோயில் இதை அற்பம் என்று நான் ஒதுக்கமாட்டேன்.

போதைக்கு மாற்றாக இன்னொரு போதையா என்பது வழக்கமான ஆட்சேபம். இம்மூன்றும் போதை தருபவை அல்ல, பழக்கமாகி அடிமைப்படுத்துபவையும் அல்ல. மனஉறுதி போதும் என்பவர்கள் சர்க்கரை நோயாளியிடம் அப்படிச் சொல்வார்களா? நம் குறை மருந்தை அதிகம் நம்பியதில் இல்லை. 2019-இல் வெளியான அரசுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார்.

என் தீர்ப்பு இது: ஆலோசனையோடு மருந்தும் தரப்பட வேண்டும். பலருக்கு நால்ட்ரெக்சோனோ அகாம்புரோசேட்டோ முதல் தெரிவு. டைசல்ஃபிராம், தானே சம்மதித்து, வீட்டில் ஒருவர் கண்முன் விழுங்கத் தயாராக இருப்பவருக்கு மட்டும். மறைத்துக் கொடுப்பது எந்த நிலையிலும் கூடாது.

வீட்டில் குடிநோயாளி இருந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரோடு சேர்ந்து போங்கள். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைக்குப் பிறகே எந்த மாத்திரை என்று முடிவாகும். நெடுநாள் அதிகமாகக் குடித்தவரை ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பு வந்து உயிர் போகக்கூடும்.