செவியா? பெயரா? – ஜாஸ் இசைத்தட்டுகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

இசைத்தட்டு ஒன்று கையிற் கிடைத்தால் நாம் முதன்முதற் செய்வது யாது? அதன் நடுவில் ஒட்டியுள்ள சீட்டைப் படிப்பதே. பாடியவர் யார், வாசித்தவர் யார், எந்த ஊரார், எந்தக் கூட்டத்தார் என்பனவற்றைத் தெரிந்துகொண்ட பிறகே முள்ளை வைக்கின்றோம். முள் தட்டைத் தொடுமுன்னரே மனம் தீர்ப்பை எழுதிவிடுகிறது. செவிக்கு மிஞ்சும் வேலை அத்தீர்ப்பின் கீழ்க் கையொப்பமிடுவதுதான். இக்காலத்தில் தட்டுக்குப் பதிலாகக் கைப்பேசி வந்துவிட்டது. சீட்டுக்குப் பதிலாக அதன் முகத்திற் பெயரும் படமும் தோன்றுகின்றன. வழக்கம் மட்டும் மாறவில்லை.

இவ்வழக்கத்தின் குறையை அமெரிக்க நாட்டு ஜாஸ் இசையின் வரலாற்றிலுள்ள ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். ஜாஸ் என்பது அந்நாட்டின் தென்பகுதியில், சிறப்பாக நியூ ஆர்லியன்ஸ் நகரில், அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களிடையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற இசையாகும். அதன் உயிர்நிலை என அவ்விசைஞர் கூறுவது ‘ஸ்விங்’ என்னும் ஒருவகை நடை. கேட்பவன் கால் தானாகவே தாளமிடத் தொடங்கும். உடல் இலேசாக அசையும். அது உண்டானால் இசை உண்டு, இல்லையேல் இல்லை என்பது அவர்கள் கொள்கை.

லெனர்டு பெதர் என்பவர் இலண்டனிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஜாஸ் விமர்சகர். 1946-ம் ஆண்டில் ‘மெட்ரோனோம்’ என்னும் பத்திரிகையில் அவர் ஒரு புதிய முறையைத் தொடங்கினார். புகழ்பெற்ற இசைஞர் ஒருவரை அழைத்து உட்காரவைத்து, பெயர் சொல்லாமல் சில தட்டுகளைப் போட்டுக் காட்டி, அவர் கூறும் அபிப்பிராயத்தையும், தட்டுக்கு இத்தனை நட்சத்திரம் என்று அவர் இடும் மதிப்பையும் அவ்வாறே அச்சிடுவார். இதற்குக் கண்கட்டுச் சோதனை என்று பெயர். பின்னர் 1951 முதல் ‘டவுன் பீட்’ என்னும் பத்திரிகையில் இது தொடர்ந்தது.

அவ்வாண்டிலேயே அச்சோதனைக்கு உட்பட்டவர் ராய் எல்ட்ரிஜ் என்னும் டிரம்பெட் கலைஞர். இவர் 1911-ல் பிட்ஸ்பர்க் நகரில் கறுப்பினத்திற் பிறந்தவர். வெள்ளையர்களாகிய ஜீன் குரூப்பா, ஆர்ட்டி ஷா என்போரின் வாத்தியக் குழுக்களில் 1940-களில் இவர் வாசித்தார். மேடையில் இவருக்குக் கைதட்டிய ஊரில் இவருக்குத் தங்க அறை கிடையாது. இவர் பெயரை வாயிலில் எழுதிப்போட்ட மண்டபத்திலேயே இவரை உள்ளே விட மறுத்ததும் உண்டு. இத்தகைய அவமானங்களை அனுபவித்த ஒருவர், ‘வாசிப்பைக் கேட்ட அளவிலேயே வாசிப்பவர் கறுப்பரா வெள்ளையரா என்று சொல்லிவிடுவேன்’ என்று பெதருடன் பந்தயம் கட்டினார் என்றால் அதில் வியப்பென்ன? அவர் வாழ்வில் எல்லாவற்றையும் பிரித்து வைத்த கோடு இசையின் ஊடேயும் ஓடுகிறது என்று அவர் நம்பியது இயல்பே.

பெயரை மறைத்துத் தட்டுகள் ஒவ்வொன்றாகச் சுழன்றன. எல்ட்ரிஜின் விடைகளிற் சரியானவற்றைவிடத் தவறானவையே மிகுந்தன. அவர் நேர்மையாளர், தாம் தோற்றதை ஒப்புக்கொண்டார். ஜாஸ் உலகில் அவரினும் தேர்ந்த செவியுடையார் மிகச் சிலரே. அத்தகைய செவிக்கே பிறப்பு புலப்படவில்லை.

நிற்க. ஸ்விங் என்பதுதான் யாது? ஒரு தாளத்தட்டை இரண்டு ஸ்வரமாகப் பகுத்து வாசிக்குங்கால், இரண்டும் சம அளவாக நில்லாமல் முன்னது நீண்டும் பின்னது குறுகியும் வருவது அதன் வெளித்தோற்றம். மிருதங்கக்காரர் சொல்லும் ‘தகிட’ என்பதில் முதலிரண்டையும் ஒன்றாக இழுத்து, மூன்றாவதை மட்டும் தனியே தட்டிப் பார்த்தால் இதன் சாயல் ஒருவாறு விளங்கும். ஆனால் இவ்வளவு மட்டுந்தான் ஸ்விங் என்று எண்ணுவது பிழை. பிரைபெர்க், சுண்ட்ஸ்ட்ரோம் என்னும் இரு ஆராய்ச்சியாளர் 2002-ல் வெளியிட்ட அளவைகளின்படி, நடை மெதுவாக இருக்கும்போது முன்னதன் நீளம் பின்னதைப்போல் மூன்றரை மடங்கு வரை செல்கிறது. நடை மிக விரைந்தால் இரண்டும் ஏறக்குறையச் சமமாகிவிடுகின்றன. ஆகவே இதற்கு ஒரே கணக்கு என்பது கிடையாது.

ஜெர்மனியிலுள்ள கோட்டிங்கன் நகர ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டனர். தனி வாத்தியக்காரர், டிரம்மும் பாஸும் காட்டும் தாளத்தட்டின்மீது விழவேண்டிய ஸ்வரத்தை ஒரு கணுவளவு தாமதித்து வைக்கிறார். தட்டுகளுக்கு இடையே வரும் ஸ்வரத்தை அவ்வாறு தாமதிப்பதில்லை. அத்தாமதம் ஒரு விநாடியை ஆயிரங் கூறாக்கி அவற்றுள் 30 கூறு அளவினது. தாமதமில்லாத வாசிப்பையும் இத்தாமதமுள்ள வாசிப்பையும் தேர்ந்த ஜாஸ் இசைஞரிடம் கேட்கக் கொடுத்தபோது, பின்னதே ஸ்விங் மிகுந்தது எனக் கூறப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேலாயிற்று. எனினும் அந்த வேற்றுமை எதனால் ஏற்பட்டது என்பதை அவர்களாற் சொல்ல முடியவில்லை. செவி அறிந்ததை நா அறியவில்லை.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? ஸ்விங் என்பது கையினது பழக்கம்; பிறர் வாசிப்பைப் பன்னூறு முறை கேட்டு, உடன் வாசித்துப் பெறுவது. பெற முயலும் எவர்க்கும் அது கூடும். முயலாதவர்க்கு எக்குலத்திற் பிறந்தும் கூடாது.

இதனை யானும் சோதித்துப் பார்த்தேன். எமது தோட்ட ஆபீசில் என்னுடன் கிராணி வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் வீட்டு அஞ்சடியில் அமர்ந்து, கைப்பேசியின் முகத்தைத் துணியால் மூடி, நான்கு பதிவுகளை எனக்குப் போட்டுக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ஸ்விங் எத்தன்மைத்து, வாசித்தவர் எவ்வினத்தார் என்னும் இரண்டையும் யான் எழுதவேண்டும் என்பது ஏற்பாடு.

முதலாவதில் அடித்தளமே என்னை ஈர்த்தது. கித்தார் தட்டுக்கு ஒன்றாக நான்கையும் அடக்கமாக வைக்க, பாஸ் அதன்கீழ் நடந்துசெல்ல, சாக்ஸபோன் அவற்றின்மேல் மிதந்தது. ஸ்விங் நிறைவு, கறுப்பினத்தார் என்று எழுதினேன். இரண்டாவது கித்தார்களும் வயலினும் பாஸும் கொண்டது. டிரம் இல்லாத குறை தோன்றவேயில்லை. ஸ்விங் நிறைவு, அமெரிக்க வெள்ளையர் என்று எழுதினேன். மூன்றாவது இரண்டு கித்தார்கள் ஒன்றையொன்று துரத்துவது. இத்துணை ஒற்றுமை உடன்பிறந்தார்க்கன்றி வாராது எனக் கருதி, இருவரும் கறுப்பினத்தார் என்று உறுதியாக எழுதினேன். நான்காவது பழம் பதிவு. தாளம் சற்று விறைப்பு. ஆயினும் சாக்ஸபோன் இலேசாகவும் தெளிவாகவும் கதை சொல்வதுபோற் சென்றது. லெஸ்டர் யங் என்னும் கறுப்பினக் கலைஞரின் வாசிப்பை ஒத்திருந்தமையால், அவருக்கு ஆசானாயிருந்த ஒரு கறுப்பராக இருக்கலாம் என்று எழுதினேன்.

துணி நீங்கிற்று. முதலாவது, கவுண்ட் பேசியும் அவர்தம் குழுவினரும் லெஸ்டர் யங்குடன் 1939-ல் பதிந்த ‘லெஸ்டர் லீப்ஸ் இன்’; அது சரி. இரண்டாவது, 1937-ல் பாரிஸ் நகரில் ஜாங்கோ ரைன்ஹார்ட் பதிந்த ‘மைனர் ஸ்விங்’. அவர் பெல்ஜியத்திற் பிறந்தவர். ஐரோப்பாவில் நாடோடிகள் என்று இழித்துரைக்கப்பட்ட ரோமா இனத்தார். நான்காவது 1927-ன் ‘சிங்கிங் தி புளூஸ்’. அதில் சாக்ஸபோன் வாசித்த பிராங்கி டிரம்பாயர் வெள்ளையர். அவரிடமிருந்து தாம் கற்றதை லெஸ்டர் யங்கே மறைக்காமற் கூறியிருக்கிறார். ஆசான் என்று யான் எழுதியது பொருந்திற்று. இனம் என்று எழுதியது பொருந்தவில்லை.

மூன்றாவதே என்னை முற்றும் நாணச் செய்தது. அது 1929-ன் ‘எ ஹாண்ட்புல் ஆவ் ரிப்ஸ்’. வாசித்தோர் இருவர். ஒருவர் நியூ ஆர்லியன்ஸ் நகரக் கறுப்பினத்தவரான லானி ஜான்சன். மற்றவர் இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிலடெல்பியாவிற் பிறந்த எடி லாங் என்னும் வெள்ளையர். அக்காலத்தில் இசைத்தட்டுக் கம்பெனிகள் கறுப்பின மக்களுக்கென்று தனி வரிசையில் தட்டுகளை விற்றுவந்தன. இரு இனத்தாரும் ஒன்றாக இருந்து வாசித்தார்கள் என்பது வெளிப்படலாகாது என்று, எடி லாங்கின் பெயரைப் ‘பிளைண்ட் வில்லி டன்’ எனச் சீட்டில் மாற்றி அச்சிட்டார்கள். சீட்டைப் படித்திருந்தாலும் யான் அதே பிழையைத்தான் செய்திருப்பேன்.

“அண்ணே, நாலுக்கு ஒண்ணுதான் தேறிச்சு” என்று நண்பர் நகைத்தார். இனத்தைப் பற்றிய கணக்கு அதுதான். ஆனால் ஸ்விங்கைப் பற்றி எழுதியவற்றுள் ஒன்றையேனும் மாற்றவேண்டும் என்று, பெயர்களை அறிந்து மீண்டும் கேட்டபோதும் எனக்குத் தோன்றவில்லை.

இங்கே இரு தடைகள் எழலாம். எல்ட்ரிஜுக்குத் தட்டுகளைத் தேர்ந்தவர் பெதர்; அவரோ இனத்தைச் செவியால் அறிய இயலாது என்னும் கட்சியினர். ஏமாற்றக்கூடிய தட்டுகளையே அவர் பொறுக்கியிருக்கலாம் அன்றோ எனின், இருக்கலாம். ஒருவரிடம் நடத்திய ஒரு சோதனையால் உலகத்துக்கு விதி வகுக்க முடியாது. எனினும் ‘கேட்ட அளவிலேயே சொல்லிவிடுவேன்’ என்னும் உறுதியை உடைப்பதற்கு அவ்வளவே போதும்.

இரண்டாவது தடை வலியது. பிறப்பு இசையிற் கேளாது என்றால், இவ்விசையைப் படைத்த கறுப்பின மக்களுக்குத் தனிப்பெருமை எதற்கு என்று சிலர் கேட்பர். இது தந்திரமான கேள்வி. ஜாஸ் என்று பெயரிட்டு முதன்முதல் 1917-ல் தட்டு வெளியிட்டவர் வெள்ளையர் குழுவினர். 1935-க்குப் பின் ‘ஸ்விங் அரசர்’ என்று பட்டம் பெற்ற பென்னி குட்மன் வெள்ளையர். அவர் குழுவை உயர்த்திய இசையமைப்புகளிற் பல பிளெட்சர் ஹெண்டர்சன் என்னும் கறுப்பினக் கலைஞர் எழுதியவை. குட்மன் நல்லவர், டெடி வில்சன், லயனல் ஹாம்ப்டன் ஆகிய கறுப்பினக் கலைஞரை 1936-லேயே தம்முடன் மேடையேற்றியவர். எனினும் பட்டமும் பணமும் எப்பக்கம் சென்றன என்பதை வரலாறு காட்டுகிறது. கற்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. கற்பித்தவர்க்குரிய கடனைத் தள்ளிவிடும் உரிமை ஒருவர்க்கும் இல்லை.

ஆகவே கேட்கும்போது சீட்டை மறைக்கவேண்டும். தீர்ப்பெழுதிய பின் சீட்டைத் திறந்து, உழைத்தவர் யார், ஊதியம் பெற்றவர் யார், அச்சிட்ட பெயர் மெய்தானா என்று விசாரிக்கவேண்டும். முன்னதைச் செய்யாதவன் பெயருக்கு அடிமை. பின்னதைச் செய்யாதவன் பிறர் உழைப்பை மறந்தவன். விமர்சகன் என்போன் இவ்விரண்டையும் அந்த முறைப்படியே செய்யக் கடவன்.

வாசிப்பவன் பிறப்பைக் கேட்டறிந்த பிறகே வாசிப்பை அளப்பது நம்மவர்க்குப் புதிய வழக்கமன்று. வரும் ஞாயிற்றுக்கிழமை பழைய நாகஸ்வரப் பதிவுகளையும் வாய்ப்பாட்டுப் பதிவுகளையும் இதே சோதனைக்கு எடுத்துக்கொள்வதென்று நண்பரும் யானும் முடிவு செய்திருக்கிறோம். ஜாஸில் யான் அயலான், தோற்றாலும் வெட்கமில்லை. இதிலோ சிறுவயது முதல் கேட்டுப் பழகிய செவி என்னும் கர்வம் எனக்கு உண்டு. என் தீர்ப்புகளை மையால் எழுதி அவர் கையிற் கொடுத்த பிறகே பெயர்களைக் கேட்பதாக இசைந்திருக்கிறேன்.