சுறா கட்டிய வீடு

1987-ல் ‘ஹானா அண்ட் ஹெர் சிஸ்டர்ஸ்’ படத்துக்காக மைக்கேல் கெய்னுக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். ஆளைக் காணோம். எங்கே போனார்? ‘ஜாஸ்: தி ரிவெஞ்ச்’ ஷூட்டிங்கில் மாட்டிக்கொண்டிருந்தார். மகா மட்டமான சுறா படம். அதைப் பார்க்கவே இல்லை, அந்தக் காசில் கட்டிய வீட்டைத்தான் பார்த்தேன், பிரமாதம் என்றார் மனுஷர்!

கலையை விற்றவர் என்று திட்டத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். அப்பா லண்டன் மீன் மார்க்கெட்டில் சுமை தூக்கியவர். அம்மா வீடு வீடாகப் பெருக்கித் துடைத்தவர். வந்த வேலையைத் தட்டாத குடும்பம்.

நடிப்பும் அவருக்கு வேலைதான். அதனால்தான் அலட்டல் கிடையாது. ‘ஆல்ஃபி’யைப் பாருங்கள்... காமிராவைப் பார்த்துப் பேசியே நம்மைக் கூட்டாளியாக்கிவிடுவார். காமர்ஸ் படித்தவன் நான்; அந்தச் சுறாவை நஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன்.

2000-ல் ‘தி சைடர் ஹவுஸ் ரூல்ஸ்’ படத்துக்கு இரண்டாவது ஆஸ்கர். இந்த முறை நேரில் வந்து வாங்கிக்கொண்டார்.