பேனாப் பிடி: பிடிப்பதும் விடுவதும்

பூலாம்பாடியில் மாமா வீட்டுப் பரணில் ஒரு டேபிள் டென்னிஸ் மட்டை கிடக்கிறது. சிங்கப்பூரில் 12 வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்தது. கூட வேலை செய்த சீனர் ஒருவர், தான் ஆடிய மட்டையையே கொடுத்தாராம். ஒரு பக்கம் சிவப்பு ரப்பர். மறுபக்கம் ரப்பர் இல்லை. மரத்தின் மேல் கறுப்புப் பெயின்ட், அவ்வளவுதான். அந்தக் கறுப்பில் ஓரிடத்தில் மட்டும், பழைய பத்து பைசா அகலத்துக்குப் பெயின்ட் தேய்ந்து மரம் தெரியும்.

எங்கோ இடித்த தழும்பு என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அது நடுவிரல் உட்கார்ந்து தேய்த்த இடம். அந்த ஒற்றைத் தடத்தை வைத்தே அதை ஆடியவர் எந்தப் பாணியில் பழகியவர் என்று சொல்லிவிடலாம். பந்து பின்னாலேயே ஓடும் கண்ணுக்கு இதெல்லாம் படாது. விரலைப் பார்க்கும் கண் வேண்டும். அதைப் பழக்கிக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு பிடிகள்

டிவியில் நாம் பார்த்துப் பழகிய பெரும்பாலானவர்கள், நம் ஆட்டக்காரர்கள் சரத் கமல், சத்தியன் உட்பட, கைகுலுக்குவதுபோல் மட்டையைப் பிடிப்பவர்கள். மூன்று விரல்கள் கைப்பிடியைச் சுற்றியிருக்கும். ஆள்காட்டி விரல் மட்டையின் ஓரமாகப் படுத்திருக்கும்.

பேனாப் பிடியில் கைப்பிடி மேலே, மட்டை கீழே. எழுதுகிறவர் பேனாவைப் பிடிப்பதுபோல, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கைப்பிடியின் கழுத்தை இரண்டு பக்கமிருந்தும் வளைத்துக்கொண்டு முன்னால் வரும். மீதி மூன்று விரல்களும் மட்டையின் முதுகுக்குப் போய்விடும். சீனர்கள் பேச்சில் பேனா இல்லை. இது அவர்களுக்கு ‘நேர் மட்டை’. கைகுலுக்குப் பிடி ‘குறுக்கு மட்டை’.

முதலில் முன்விரல்கள் இரண்டு

முன்னாலிருந்து பார்த்தால் ஓர் இடுக்கி தெரியும். இரண்டு விரல் நுனிகளும் நெருங்கி வந்து, தொட்டுக்கொள்ளாமல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் நின்றுவிடும். ரசிக்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

மாமா வீட்டு மொட்டை மாடியில், பச்சைமலையைப் பார்த்தபடி, இரண்டு ப்ளைவுட் பலகையை ஸ்டூல்களின் மேல் போட்டு, நடுவில் பழைய வேட்டிக் கரையை இழுத்துக் கட்டி ஆடுவோம். முதல் நாள் அந்த மட்டையை நான் கிணற்றுக் கயிறு மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தேன். பந்தெல்லாம் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனது. மாமா என் மணிக்கட்டை ஒரு தட்டு தட்டினார். “மாப்ள, பிடிக்காத. சும்மா வெச்சுக்க.”

அந்த வார்த்தையை விளங்கிக்கொள்ளப் பல வருஷம் ஆயிற்று. ஃபோர்ஹேண்ட் அடிக்கும்போது பெருவிரல் அழுத்தும், ஆள்காட்டி விரல் தளரும். வரும் பந்தை இடப்பக்கம் தடுத்துத் தள்ளும்போது ஆள்காட்டி விரல் அழுத்தும், பெருவிரல் தளரும். நல்ல ஆட்டக்காரர் தடுக்கும்போது உற்றுப் பார்த்தால் பெருவிரல் மட்டையை விட்டு லேசாக எழும்பியிருப்பதுகூடத் தெரியும். இரண்டும் சேர்ந்து அழுத்தினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், மட்டை திரும்பாது. பெயர் என்னவோ ‘பிடி’. ஆட்டம் ஓடுவதெல்லாம் எந்த விரலை எப்போது விடுவது என்பதில்.

வாசலில் கோலம் போடும் கையைப் பாருங்கள். மாவெல்லாம் பின்விரல்களின் மடியில் இருக்கும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எவ்வளவு விடுகின்றனவோ அவ்வளவுதான் கோடு. இறுக்கினால் கோடு அறும், தளர்த்தினால் கொட்டும். பேனாப் பிடியும் அந்த இனம்தான்.

இன்னொரு சிறு காட்சி. மாமாவின் மட்டையில் கைப்பிடிக்கு இரு பக்கமும் உள்ள ‘தோள்’ உப்புத்தாளால் வழவழவென்று தேய்க்கப்பட்டிருக்கும். தேய்க்காவிட்டால் மர விளிம்பு ஆள்காட்டி விரலை அறுத்துவிடும். அதனால் புது மட்டை வாங்கியதும் பேனாப் பிடிக்காரர் பலர் செய்யும் முதல் வேலை அதுதான். ரப்பரும் கைப்பிடி வரை ஒட்டியிருக்காது. விரல்கள் படியும் இடம் வெறும் மரமாக விடப்பட்டிருக்கும். பந்தை அடிக்கும் பக்கம் முழுதும் ரப்பர் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஆட்ட விதி, கைப்பிடியை ஒட்டி விரல்கள் பிடிக்கும் பகுதிக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறது.

பிறகு பின்விரல்கள் மூன்று

முன்விரல்களைப் பார்க்கப் பழகியவர் பாதி ரசிகர். மீதிப் பாதி முதுகுப் பக்கம் இருக்கிறது.

சீனப் பாணியில் மூன்று விரல்களும் மடிந்து, ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்திருக்கும். மரத்தைத் தொடுவது நடுவிரலின் பக்கவாட்டுப் பகுதி மட்டுமே. பத்து பைசாத் தடத்தின் கதை இதுதான். ஜப்பான், கொரியாப் பாணியில் விரல்கள் நீண்டு முதுகின் மேல் படிந்திருக்கும். அவர்கள் மட்டையே வேறு மாதிரி: ஹினோக்கி மரத்தில் பெரும்பாலும் நீள்சதுரமாகச் செய்தது, கைப்பிடியில் ஆள்காட்டி விரல் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளத் தக்கைக் கட்டை ஒன்று மேடாக இருக்கும். நீட்டிய விரல்கள் பின்னாலிருந்து உந்துவதால் ஃபோர்ஹேண்ட் இடியாக இறங்கும். ஆனால் மணிக்கட்டு இடப்பக்கம் சுலபமாக வளையாது. மடித்த விரல்களுக்கு அவ்வளவு உந்துதல் கிடையாது; மணிக்கட்டு மட்டும் பம்பரமாகச் சுழலும். எதையாவது கொடுத்தால்தான் எதையாவது வாங்க முடியும்.

பழைய பேனாப் பிடிக்காரர்களுக்கு முன்பக்க ரப்பர் ஒன்றுதான் ஆயுதம். வலப்பக்கமும் அதே முகம், இடப்பக்கமும் அதே முகம். இடது மூலைக்கு வரும் பந்தை வேகமாகத் திருப்பி அடிக்க முடியாமல் திணறுவார்கள். அல்லது காலால் ஓடிச் சுற்றிக்கொண்டு போய் ஃபோர்ஹேண்டாலேயே அடிப்பார்கள்.

1990-களில் சீனாவின் லியு குவோலியாங் முதுகுப் பக்கமும் ரப்பர் ஒட்டி, அந்தப் பக்கத்தாலும் அடித்துக் காட்டினார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் தங்கம் அவருக்கு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தனை காலம் மூன்று விரல்களும் சொந்தத் திண்ணைபோல் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது பந்து வந்து பட வேண்டும். விரல்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் மட்டை ஆடவும் கூடாது. முன்னால் பெருவிரல் அழுத்தும், ஆள்காட்டி விரல் தளரும், பின்னால் மூன்றும் கீழே ஒதுங்கும், மணிக்கட்டு உள்பக்கம் சுருண்டு விரியும். கண் இமைக்கும் நேரத்துக்குள் ஐந்து விரல்களும் இடம் மாறி, அடுத்த பந்துக்குப் பழைய இடத்துக்கே வந்துவிடும். இன்று பேனாப் பிடியின் உச்சக்கட்ட அழகு இந்த ஒரு அடிதான்.

தோசைத் திருப்பியில் ஒரு பயிற்சி

மட்டை இல்லாதவர்கள் சமையலறைக்குப் போகலாம். தட்டையான தோசைத் திருப்பியை, தகடும் காம்பும் சேரும் கழுத்தில், தகடு கீழே இருக்கும்படி பேனாபோல் பிடியுங்கள். மூன்று விரல்களும் தகட்டின் பின்னால் இருக்கட்டும். இப்போது பெருவிரலை மட்டும் அழுத்திப் பாருங்கள். தகடு ஒரு பக்கம் சாயும். அதைத் தளர்த்தி ஆள்காட்டி விரலை அழுத்துங்கள், மறுபக்கம் சாயும். பின்விரல்களை மடித்து ஒரு முறை, நீட்டி ஒரு முறை மணிக்கட்டைச் சுற்றிப் பாருங்கள். சீனாவுக்கும் கொரியாவுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டே நிமிஷத்தில் கையில் தெரிந்துவிடும். பிறகு ஆட்டம் பார்த்தால் விரல்கள் தனித்தனியாகத் தெரியும்.

பம்பாயில் கண்ட கை

இந்தப் பிடிக்காரர் ஒருவர் உலகத்தைத் திகைக்க வைத்தது நம் நாட்டில்தான். 1952-ல் உலக டேபிள் டென்னிஸ் போட்டி பம்பாயில் நடந்தது. அதற்குமுன் ஆசியாவுக்கு அந்தப் போட்டி வந்ததே இல்லை. ஜப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாட்டோ, பேனாப் பிடியில், தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு ஆடினார். அன்றைய மட்டைகளில் பந்து பட்டால் ‘டக்’ என்று கேட்கும். எதிராளி சத்தத்தை வைத்தே அடியின் வேகத்தைக் கணிப்பார். ஸ்பாஞ்ச் சத்தத்தை விழுங்கிவிட்டது. ஐரோப்பியச் சூரர்கள் காது கேளாதவர்போல் தடுமாற, ஒற்றையர் பட்டம் சாட்டோவுக்குப் போனது. 1959-ல் ரோங் குவோத்துவான் சீனாவின் முதல் உலக சாம்பியனானார். 1961, 1963, 1965 என்று மூன்று முறை சுவாங் செதோங் வென்றார். இருவரும் பேனாப் பிடிதான்.

பிறகு ஏன் குறைந்தது? பலமான பேக்ஹேண்ட் உள்ள ஐரோப்பியர்கள் இரண்டு பக்கமும் சமமாக அடிக்கத் தொடங்கினார்கள். 2000-ல் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. பந்து கொஞ்சம் மெதுவானது. ஓரிரு அடியில் முடிந்த புள்ளிகள் நீண்டன. நீண்ட ஆட்டத்தில் இடது மூலை பலவீனம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்?

ஒன்றே ஒன்று பார்ப்பதானால் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் ஆண்கள் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் கொரியாவின் ரியு சியுங் மின்: பின்விரல்களை நீட்டி, ஒரு பக்க ரப்பரோடு, இடது மூலைப் பந்தையும் ஓடிப்போய் ஃபோர்ஹேண்டால் அடிப்பவர். மறுபக்கம் சீனாவின் வாங் ஹாவ்: முதுகு ரப்பரையே பேக்ஹேண்டாக ஆக்கிக்கொண்டவர். பழைய பேனாவும் புதுப் பேனாவும் எதிரெதிரே. 4–2 என்று பழையது வென்றது. முதல் பார்வையில் ரியுவின் கால்களைப் பாருங்கள். இரண்டாவது பார்வையில் வாங் ஹாவின் பின்விரல்களை. ஒருவர் காலால் தீர்க்கும் கணக்கை மற்றவர் விரலால் தீர்க்கிறார்.

அடுத்து 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் இறுதி ஆட்டத்தில் சீனாவின் மா லின். பழைய தள்ளலையும் புதிய முதுகு அடியையும் கலந்து ஆடுவார். எதைச் செய்யப் போகிறார் என்பதை அவர் பெருவிரல் காட்டிக்கொடுக்கிறதா என்று கண்டுபிடிக்க முயன்று பாருங்கள். அதன் பின், இடக்கையால் ஆடும் லக்ஸம்பர்கின் நி சியா லியான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஆடியபோது அவர் வயது 61. அதிகம் நகரமாட்டார், விரல்கள் மட்டும் ஓய்வதில்லை.

சர்வீஸில் எல்லோரும் பேனாக்காரர்களே

இதையெல்லாம் பார்த்துப் பழகிய பிறகு நம் ஊர் ஆட்டத்துக்குத் திரும்புங்கள். கைகுலுக்குப் பிடிக்காரர் ஃபோர்ஹேண்ட் சர்வீஸ் போடும் நொடியில் கையைப் பாருங்கள். கைப்பிடியைச் சுற்றியிருந்த மூன்று விரல்களும் விலகிவிடும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மட்டை தொங்கும். மணிக்கட்டை விடுவித்தால்தான் பந்தில் சுழல் ஏறும். சர்வீஸ் போட்டதும் மூன்று விரல்களும் பழையபடி கைப்பிடிக்கு வந்துவிடும். பேனாப் பிடிக்காரருக்கு நாள் முழுதும் இருக்கிற சுதந்திரத்தை மற்றவர்கள் ஒரு நொடிக்குக் கடன் வாங்குகிறார்கள்.

ரியு தங்கம் வென்ற ஏதென்ஸில்தான் சரத் கமல் முதல்முறை ஒலிம்பிக்ஸ் ஆடினார். 20 வருஷம் கழித்து, 2024 பாரிஸ் அவருக்கு ஐந்தாவது, கடைசி ஒலிம்பிக்ஸ். பேனாப் பிடி முடிந்துபோன கதை என்று பலரும் எழுதிவைத்த காலம் அது. ஆனால் அதே பாரிஸில் ஒரு பிரெஞ்சுப் பையன் பேனாப் பிடியோடு வந்து நின்றான். ஃபெலிக்ஸ் லெப்ருன், வயது 17. அண்ணன் அலெக்ஸிஸ் கைகுலுக்குப் பிடி. தம்பி மட்டும் இந்தப் பக்கம்.

வெண்கலத்துக்கான ஆட்டம் ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. நமக்குச் சாயங்கால டீ நேரம். திண்ணையில் மாமாவும் நானும் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்துப் பார்த்தோம். பிரேசிலின் ஹியூகோ கால்டெரானோவை ஃபெலிக்ஸ் 4–0 என்று முடித்தான். மாமா பந்தையே பார்க்கவில்லை. ஸ்லோமோஷன் வரும்போதெல்லாம் குனிந்து, “அந்த மூணு வெரலையும் எப்படி ஒதுக்குறான் பாரு மாப்ள” என்றார்.

நான் திரும்பி அவர் கையைப் பார்த்தேன். டீ கிளாஸ் சுட்டுக்கொண்டிருந்தது. விளிம்பைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வளைத்திருந்தன. நுனிகள் ஒன்றையொன்று தொடவில்லை. மற்ற மூன்று விரல்களும் கண்ணாடியின் பின்னால், ஒன்றின் மேல் ஒன்றாக மடிந்திருந்தன.