பழைய மிதிவண்டியும் எல்லாம் அறிந்த வழிப்போக்கரும்

இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் ராலே நிறுவனம் உருவாக்கிய பழைய ரோட்ஸ்டர் மிதிவண்டி, அதாவது நிமிர்ந்து அமர்ந்து ஓட்டுவதற்கென அமைந்த கனமான சாலை வண்டி, நிற்கும் இடமெல்லாம் கேளாமலே தீர்ப்பு வழங்குவோரை ஈர்ப்பதால், அதைப் பேணுபவருக்கு ஸ்பேனரைக் கையாளும் திறனோடு மனிதரைக் கையாளும் பக்குவமும் வேண்டியிருக்கிறது. கேபிளுக்குப் பதிலாக எஃகுக் கம்பிகளால் இழுக்கப்பட்டு, சக்கர வளையத்தின் உட்புறத்தை அழுத்தும் ராடு பிரேக்கைக் கண்டவுடன், வண்டி இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது என்று சாதிப்பவர், அவ்வகை பிரேக் போருக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் தயாரிக்கப்பட்டதை அறியாதவர்.

அவரிடம் வாதிடுவதைவிடப் பின்சக்கரத்தின் ஹப்பை, அதாவது ஆரக்கம்பிகள் வந்து சேரும் நடுக்குடத்தை, காட்டுவதே மேல். ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1936இல் அறிமுகப்படுத்திய ஏ.டபிள்யூ. எனும் மூன்று வேக ஹப்பின் ஓட்டில் தயாரிப்பு ஆண்டு பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். சக்கரம் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதால் அந்த எண்ணும் வண்டியின் வயதுக்கு முழுச் சான்றாகாது என்பதைத் தாமே எடுத்துரைப்பது ஆர்வலரின் நேர்மை. மூன்று வேகம் போதாது என்று இகழ்பவருக்கு, நடுநிலையில் நேரடியாகச் சுழலும் அந்த ஹப், உள்ளிருக்கும் பற்சக்கரங்களால் கீழ்நிலையில் சுழற்சியை 25 விழுக்காடு குறைத்து, மேல்நிலையில் சுமார் 33 விழுக்காடு கூட்டுகிறது என்ற விளக்கம் போதும். துருவைச் சுரண்டிப் புதுச்சாயம் பூசும்படி வற்புறுத்துபவரிடம், அசல் சாயம் ஒருமுறை அழிந்தால் மீளாது என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். அதன்பின்னும் நீளும் பேச்சுக்கு மறுமொழி தேவையில்லை.